வடக்கிலிருந்து வீசும், நான்கு எழுத்து

ஜூலை 6, ஞாயிறு

வெயில். காற்று பலம். தலை காயவில்லை, அப்படியே கொண்டை போட்டுக்கொண்டு மாதா கோயிலில் ஏழு மணிப் பூசைக்கு.

வெட்கக்கேட்டை இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன். சாமியார் எல்லோரையும் ஒரு நிமிடம் கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொன்னார். மூடினேன். உள்ளே ஓடியது செபம் இல்லை, புதிர். இந்த வாரத்துக் குறுக்கெழுத்து காலையில்தான் போனில் வந்திருந்தது. ‘கனவா, சல்லடையா? உள்ளே போக வழி இருக்கிறது (3)’. கனவையும் சல்லடையையும் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த நேரத்தில், “வாசல்!” என்று கத்திவிட்டேன்.

மொத்தக் கோயிலும் திரும்பி வாசலைப் பார்த்தது. ஒருவரும் வரவில்லை. நானும் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ சொன்ன மாதிரி.

நாத்தனார் பிலோமி தொடையில் கிள்ளினாள். “மைனி, சாமியாரு ஒன்னயத்தான் பாக்குறாரு.”

பார்க்கட்டும். விடை சரி. ‘கனவா’வில் கடைசி எழுத்து வா, ‘சல்லடை’யில் முதல் இரண்டு ச, ல். ‘உள்ளே’ என்று புதிர் போட்ட மனுசனே சொல்லிவிட்டார். நாம்தான் வெளியே நின்று தேடுகிறோம்.

ஜூலை 7, திங்கள்

கடல்பாசி கட்டு. கொட்டகையில் நான், பிலோமி, செல்வி. சாணுக்கு ஒரு கொத்து, கயிற்றில் முடிச்சு, அடுத்த கொத்து. கட்டிய கயிறெல்லாம் மூங்கில் மிதவையில் ஏறி வடகடலில் கிடக்கும், ஒன்றரை மாதத்தில் அறுப்பு. கைக்குத்தான் வேலை, வாய் சும்மா. அதனால் குறிப்பை நான் வாசிப்பேன், மூன்று பேரும் மெல்லுவோம்.

‘கடலோரம் விதை, புலவனுக்கு விளைச்சல் (3)’.

செல்வி: “அக்கா, நம்மளத்தான் சொல்லுறாக. பாசி!”

“பாசி ரெண்டெழுத்துடி. புலவன் பாசிய வச்சு என்ன செய்வான், பல்லு வெளக்குவானா?”

நாலு முடிச்சுப் போட்டதும் வந்தது. கடல் என்ற சொல்லின் ஓரம் ‘க’. அதோடு ‘விதை’. கவிதை! அவர்களுக்கும் விளக்கினேன். செல்வி விடவில்லை. “கடலுக்கு அந்த ஓரத்துல ‘ல்’ இருக்கே?”

“அது இலங்கைப் பக்கம். நமக்கு எதுக்கு வம்பு.”

சிரித்ததில் பிலோமி ஒரே இடத்தில் இரண்டு கொத்துக் கட்டிவிட்டாள். அவிழ்த்தோம்.

இருபத்துநாலில் பதினேழு முடிந்தது.

வாங்க: தேயிலை, தீப்பெட்டி, இவருக்கு முதுகுக்குத் தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

இவர் உதவுகிறாராம். மீன்பிடிக்கப் போட்டுக்குக் கிளம்புமுன் கட்டத்தைப் பார்த்தார். இரண்டு எழுத்துக் கட்டம் எதைக் கண்டாலும் “மீனு” என்கிறார். நாலு இடத்தில் மீன் போடச் சொன்னார். வேணாங்க, நாறும் என்றேன்.

‘மூன்று வேளை, தலை மாறிய பருந்து (4)’. சோற்றுக்கரண்டியோடு நிற்கும்போதே வந்துவிட்டது. பருந்தின் ‘ப’ போய் ‘ம’ வந்தால் மருந்து. தலையில் தட்டிக்கொண்டேன், கரண்டியோடு.

ஜூலை 9, புதன்

காற்று இன்னும் கூடுதல். ஊருக்குத் தெற்கே தென்கடல் குதிக்கிறது, வடக்கே வடகடல் தரைபோலக் கிடக்கிறது. நமக்கு நல்லது.

கடைசியாக ஒன்றே ஒன்று நின்றது. ‘வாலற்ற மன்னன், தலையற்ற வீடு: வடக்கிலிருந்து வீசும் (4)’.

தலை அறு, வால் அறு. இதற்கு இலக்கணம் வேண்டாம், மீன் ஆயத் தெரிந்தால் போதும். சோழனில் வாலை அறுத்தால் ‘சோழ’. வீட்டுக்கு இன்னொரு பெயர் அகம், அதன் தலையை அறுத்தால் ‘கம்’. சோழகம். கட்டத்தில் அம்சமாக உட்கார்ந்தது.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சோழகம் வடக்கிலிருந்தா வீசும்? இப்போது என் முதுகில் அடிப்பது என்ன? தெற்கிலிருந்து வருவதுதானே சோழகம்! வடக்கிலிருந்து வருவது வாடை.

மூன்று முறை வாசித்தேன். வடக்கு என்றுதான் இருக்கிறது.

சாயங்காலம் விடைகளை அனுப்பிவிட்டேன். சோழகம் என்றே போட்டேன். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தைரியம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

விடை வந்துவிட்டது. இருபத்துநாலும் சரி, முதலில் அனுப்பியது நான்!!! கீழக்கரை நூர் லாத்தா உடனே கூப்பிட்டார். முன்பு கருவாடு வாங்க வந்து சிநேகமானவர், என்னைப் புதிர்க் குழுவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். “மாஷா அல்லாஹ்! ஞாயித்துக்கிழமை நீதாம்மா வெளக்கணும்” என்றார்.

அதுதான் இடி. முதலில் முடித்தவர் ஞாயிறு நாலு மணிக்கு வீடியோ கூட்டத்தில் எல்லோருக்கும் விளக்க வேண்டும், அது குழுவின் வழக்கம். குழுவில் நாற்பது பேர். வாத்தியார்கள், பேங்க் மேனேஜர், துபாயில் ஒரு இன்ஜினியர். புதிர் போடுபவர் மதுரையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் (இனி பே.). அவர் சொல்லுக்கு அங்கே மறுசொல் கிடையாது. நான் அஞ்சாம் வகுப்பு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது இரண்டு வழி. சோழகம் வடக்கிலிருந்து வீசும் என்று அவர் எழுதியபடியே வாசித்துவிட்டு இறங்கலாம். இல்லையென்றால் பே.யிடமே தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லி நான் மூக்குடைந்தால் அப்புறம் அந்தக் குழுவில் எப்படி முகம் காட்டுவது?

பிலோமி: “வேணாம் மைனி. அவரு பேராசிரியரு, நீ அஞ்சாப்பு.”

“காத்து எத்தனாப்புடி?”

வாய் சொன்னது. கை போனை எடுத்து அந்தக் குறிப்பை நாலாவது முறை திறந்தது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் இவர் கரைக்கு வந்தார். நண்டு கொஞ்சம், இறால் சுமார். தைலம் தேய்த்துக்கொண்டே விசயத்தைச் சொன்னேன். புதிரைப் பற்றி எது சொன்னாலும் சிரிப்பவர், இதற்குச் சிரிக்கவில்லை.

“சோழகம் வடக்கேருந்து வருதுன்னு ஒருத்தன் நம்பிக் கடலுக்குப் போனா, திரும்பி வருவானா?”

“அவுக யாரும் கடலுக்குப் போக மாட்டாகங்க. கட்டத்துலதான் போடுவாக.”

“அதுக்காக? தப்புன்னா தப்புதான. சொல்லு.”

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். முதுகில் பாதிதான் தேய்த்திருந்தேன்.

ஜூலை 12, சனி

கொட்டகையில் ஒத்திகை. செல்விதான் பே. பாசிக் கயிற்றைத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுகிற மாதிரி விரலை ஏற்றி, “சொல்லும்மா, என்ன கொறை கண்டே?” என்றாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை. நாலாவது முறை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். செல்வி ஒரு நிமிடம் நிஜமாகவே பேராசிரியர் ஆகிவிட்டாள்.

“அக்கா, எனக்கே பயமா இருக்கு. நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

மறக்காதே: போன் சார்ஜ். நல்ல சேலை. ‘அடியே’ என்ற வார்த்தை வரக்கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டுக்குள் போன் சிக்னல் இல்லை. அதனால் கொட்டகைக்குப் போய்க் கயிற்றுக் கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் பிலோமியும் செல்வியும், கண்ணில் படாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு.

வாசல் சொன்னேன், கவிதை சொன்னேன். பூசையில் கத்தியதையும் சேர்த்துச் சொன்னேன். போனுக்குள் நாற்பது பேரும் சிரித்தார்கள், பே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சிரிப்பில் பயம் போய்விட்டது. மருந்தையும் முடித்துவிட்டு மற்றதையெல்லாம் ஓடவிட்டேன். கடைசியில் சோழகம். வாலை அறுத்தேன், தலையை அறுத்தேன். நிறுத்தினேன்.

“ஐயா, விடை சரி. ஆனா இந்தக் காத்து வடக்கேருந்து வராதுய்யா. தெக்கேருந்து வரும்.”

பே. கோபப்படவில்லை, பொறுமையாகச் சொன்னார்: “சோழ நாட்டுப் பக்கமிருந்து வருவதால்தானே அம்மா சோழகம்? உங்களுக்கு அது வடக்குத்தானே?”

பேங்க் மேனேஜர் நடுவில் வந்தார். “நீங்க அகராதி பாத்தீங்களா மேடம்?”

“அகராதி வீட்டுல இருக்குய்யா. காத்து இங்கன இருக்கு.”

எங்கிருந்து வந்ததோ அந்த வாய். போனை எடுத்து வடகடலைக் காட்டினேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைப் பிலோமி உருவிக்கொண்டு ஓடிவந்தாள். ஆளுக்கொரு முனையாக அவளும் செல்வியும் தூக்கிப் பிடித்தார்கள். பாய் மாதிரி உப்பிக்கொண்டது.

“ஐயா, எனக்கு எடது கைப்பக்கம் சூரியன் எறங்குது, அது மேக்கு. அப்ப எனக்கு நேரா வடக்கு. வேட்டி எங்கிட்டுப் போகுதுன்னு பாருங்க.”

“கடலை நோக்கி” என்றார் பே.

“அப்ப காத்து எங்கேருந்து வருது?”

பே. திரைக்கு இன்னும் கிட்டே வந்து வேட்டியைப் பார்த்தார். “உங்கள் ஊரில் எல்லோருமே இதைத்தான் சோழகம் என்பீர்களா?”

நான் வாயைத் திறக்குமுன், வேட்டியைப் பிடித்தபடியே பிலோமி கத்தினாள்: “ஆனி ஆடியில வேற எது அடிக்கும்? இது தெரியாமயா புதிரு போடுறாரு அந்தக் கிறுக்கு மனுசன்?” போனைக் கையால் மூடினேன். மூடியது காமிராவை.

பே. சிரித்துவிட்டார். “விடை சரி, குறிப்பு தப்பு. தப்பு என்னுடையது. பெயரை வைத்துத் திசையை ஊகித்துவிட்டேன். இனிமேல் கடல் சம்பந்தமாக எது வந்தாலும் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் போடுவேன். எங்கே அம்மா படித்தீர்கள்?”

“இங்கனதான்யா. அஞ்சாப்பு வரைக்கும்.”

சொல்லிவிட்டேன். முதலில் துபாய் இன்ஜினியர் கைதட்டினார். பிறகு நூர் லாத்தா, பிறகு ஒவ்வொரு கட்டமாக எல்லோரும். பேங்க் மேனேஜர் கடைசியில், ஆனால் சத்தமாக. என் கண்ணில் தண்ணீர். காற்றுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், எந்தக் காற்று என்றும் சொல்லத் தெரியும்.

செல்வியும் கைதட்டினாள். பிலோமியும் கைதட்டினாள்.

வேட்டி இவருடையது. வடக்கே போனது.