புரோக்கரைத் திருப்பி அனுப்புங்கள்

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். உங்கள் மேல் கோபம்தான், பட்டினி போடும் அளவுக்கு இல்லை.

பத்து மணிக்கு அந்த லைசென்ஸ் புரோக்கர் வருவார். எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் டிரைவிங் ஸ்கூலில் சாலைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போகிறேன். "டிகிரி முடிச்ச பொண்ணு, சின்னப் பிள்ளைங்க மாதிரி சிவப்பு, பச்சை படிக்கணுமா? ஆளைப் பிடிச்சாச்சு, நீ கையெழுத்தை மட்டும் போடு" என்று நேற்று அவர் முன்னாலேயே சிரித்தீர்கள். நம் வீட்டில் முதல் டிகிரி அது. அதற்கு எந்த ஆளைப் பிடித்தீர்கள்? நான்தானே உட்கார்ந்து படித்தேன்?

நான் எழுந்து போனது திமிர் இல்லை. நேற்றுக் காலை வகுப்பில் என்னை ஒரு வேனின் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். "முன்னாடி யாராவது இருக்காங்களா, நல்லா பார்த்துச் சொல்லும்மா" என்றார் மாஸ்டர். கண்ணாடியெல்லாம் பார்த்துவிட்டு, "யாருமில்ல சார், எடுக்கலாம்" என்றேன். இறங்கிப் பார்த்தால், கூடப் படிக்கிற அக்கா பம்பரை ஒட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எடுத்திருந்தால் வண்டி அவர் மேல்தான் ஏறியிருக்கும்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அம்மாவின் வேலையே விடிவதற்கு முன் ரோட்டில் குனிந்து பெருக்குவதுதான். அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இப்படி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார் என்று அந்த ஆளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.