சேவல் முந்திக் கூவிய பாஸ்கு

தூத்துக்குடி
26-2-1974

அன்புள்ள தேவமணிக்கு,

ரோச் எழுதுவது. நானும் பர்னபாஸ் அண்ணனும் நலம். நீயும் நம் மகள் பிளாரன்ஸும் சுகமா என்று கேட்கும் உரிமை, நாம் பிரிந்த இந்த ஏழு வருஷமாக என்னிடம் இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் வேலைதான் இப்போதும். புதுத் துறைமுகம் திறந்தால் அங்கே மாற்றுவார்களாம். அண்ணன் இன்னும் சங்கு குளிக்கப் போகிறார். சொன்னால் கேட்பதில்லை.

பிளாரன்ஸ் போன கடிதத்தில் ஒரு நல்ல சேதி எழுதியிருந்தாள். அவள் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நம் பக்கத்துக் கலை நிகழ்ச்சிகளுக்கு நீ கூட்டிப் போகிறாயாம். ஆத்தூரில் வில்லுப்பாட்டு, எட்டயபுரத்தில் கும்மி. வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர் பாதியில் தூங்கி விழுந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். அவள் கடிதங்களை நீ படித்துப் பார்த்த பிறகுதான் ஒட்டுவாய் என்று தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மார்ச் 23, சனிக்கிழமை இரவு, எங்கள் தெருவில் பாஸ்கு. பல வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் வைக்கிறோம். நாளை விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள்; அது கழிந்ததும் ஆயத்தம் தொடங்குகிறது. அன்று உங்கள் பிள்ளைகளை இங்கே கூட்டி வரக் கூடாதா? எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. என்னவென்று சொல்ல மாட்டேன். பிளாரன்ஸ் நேரில் வந்து தெரிந்துகொள்ளட்டும். முன்வரிசையில் பாய் விரித்து இடம் பிடித்து வைப்பேன்.

அவளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. உன் உயரத்துக்கு வந்துவிட்டாளா?

அன்புடன்,
ரோச்


சாத்தான்குளம்
8-3-1974

பிளாரன்ஸின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: முடியாது. பஸ்கா என்றால் என்ன என்று வேதம் படித்த எனக்குத் தெரியும். அது பந்தி, ஆண்டவர் சீஷர்களோடு கடைசியாக உண்ட விருந்து. வில்லுப்பாட்டையும் கும்மியையும் சாக்காக வைத்து, உங்கள் கோயில் பந்தியில் என் பிள்ளையை மறுபடியும் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் பங்கு என்ன என்பதைச் சொல்ல மாட்டீர்கள். அன்றும் சொல்லவில்லை.

அப்போது அவளுக்கு எட்டு வயது. உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னையிலிருந்து கூட்டிப் போனீர்கள். வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் மெழுகுதிரி கொடுத்து, உங்கள் கத்தோலிக்க சபை வழக்கப்படி புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்க வைத்தீர்கள். திரும்பி வந்த பிறகு உடுப்பில் மெழுகு சொட்டியிருந்ததைப் பார்த்து நான் கேட்டேன். "அப்பா சொல்லக் கூடாதுன்னாங்கம்மா" என்றாள். அவளை நீங்கள் எந்தச் சபையில் சேர்த்தாலும் நான் பேசித் தீர்த்திருப்பேன். என்னிடம் பொய் சொல்லப் பழக்கினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தூத்துக்குடியில் பிள்ளைகளுக்கு ஏற்ற நிகழ்ச்சி எதுவும் இல்லை என்று தலைமையாசிரியை அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அன்று ஓட்டப்பிடாரத்துக்கு ஒயிலாட்டம் பார்க்கப் போகிறோம்.

இப்படிக்கு,
தேவமணி


சாத்தான்குளம்
2-4-1974

அன்புள்ளவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

பையன்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர் ஜேசுபாதம் சாரை நேற்றுக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர் பையன்களைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்ன டீச்சர், நம்ம பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலியே? அருமையான நாடகம்லா! ஆண்டவரோட பாடு முழுசையும் விடிய விடிய நடிச்சுக் காட்டிட்டாங்க."

"நாடகமா?" என்றேன்.

"பாஸ்குன்னா நாடகம்தான டீச்சர். நம்ம பஸ்கா வேற, அவுக பாஸ்கு வேற. ஆண்டவரைத் தெரியாதுன்னு பேதுரு மூணு தடவை மறுதலிச்ச பிறகுதான சேவல் கூவணும்? அங்க ரெண்டாவது தடவையிலேயே கூவிட்டு! சனம் விடுமா? 'ஏலே, சேவலுக்கு என்ன அவசரம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கணுமா?'ன்னு ஒரே சிரிப்பாணி."

நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் மீதியைச் சொன்னார்.

"பேதுருவா நடிச்சவரு மட்டும் சிரிக்கல. முன்னால கொஞ்சம் பாய் சும்மா கிடந்துது. அதையே பார்த்துட்டு நின்னாரு. சத்தம் அடங்கின பிறகு, 'அந்த மனுஷனை நான் அறியேன்'னு மூணாவது தடவை சொன்னாரு பாருங்க, நம்ம பையன்க எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டானுக. யாரோ ரோச்சாம். துறைமுகத்துல வேலையாம்."

யாரோ ரோச். உங்களை எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை. சார் போன பிறகும் கடை வாசலிலேயே நின்றிருந்தேன்.

சென்னையில் குடித்தனம் நடத்தியவள் நான். உங்கள் தெருவைக் கண்ணால் பார்த்ததில்லை. அது தப்பிக்கும் வழி ஆகாது. என்ன அது என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் ஒளிக்கிறீர்கள் என்று நினைப்பது எனக்கு எளிதாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவிடமிருந்து கடிதம் வந்ததா என்று பிளாரன்ஸ் இரண்டு தடவை கேட்டாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை அதிகமாம், எழுத நேரமில்லையாம் என்றேன். நம்பிவிட்டாள். பொய் சொல்லப் பழக்கியதாக உங்களுக்கு எழுதிய அதே வாரத்தில் நான் அவளிடம் பொய் சொன்னேன்.

என்னை மன்னிக்க முடியுமா?

தேவமணி


தூத்துக்குடி
8-4-1974

அன்புள்ள தேவமணிக்கு,

நேற்று குருத்தோலை ஞாயிறு முடிந்து வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

மன்னிப்பை நீ மட்டும் கேட்டால் கணக்கு ஒத்து வராது. மார்ச் மாதம் உன் கடிதம் வந்த அன்றே, நீ பாஸ்குவைப் பந்தி என்று நினைத்துவிட்டாய் என்பது எனக்குப் புரிந்துபோயிற்று. அண்ணனிடம் காட்டினேன். "ஏலே, நாடகம்னு ஒரு கார்டு போட்டா முடிஞ்சுது. கிளம்புடா தபாலாபீசுக்கு" என்றார். நான் போகவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். அவளாகவே தெரிந்து வெட்கப்படட்டும் என்று இருந்துவிட்டேன். உன்னைத் தண்டிக்கிறேன் என்று நினைத்தேன். பிள்ளை நடுவில் இருந்தது அப்போது தோன்றவில்லை.

இருந்தும், அன்று பாயை விரித்தேன். யாரும் உட்காராமல் காவல் வைத்தேன். இரண்டாவது தடவை மறுதலித்தபோது கண் அங்கே போயிற்று. அடுத்த வரி வரவில்லை. திரைக்குப் பின்னால் சேவலாக நின்றது நம் அண்ணன்தான். என் வசனம் முடிந்தது என்று நினைத்துச் சங்கு குளிக்கிற மூச்சு முழுவதையும் விட்டுக் கூவிவிட்டார். இப்போது தெருவில் அவர் நடந்தால் சின்னப் பையன்கள் கொக்கரக்கோ என்கிறார்கள். "உன் பாயாலதான்டா எனக்கு இந்தப் பேரு" என்று என்னோடு சண்டை.

புதுநன்மை விஷயத்தில் நீ எழுதியது அத்தனையும் சரி. சொல்லக் கூடாது என்று பிள்ளையிடம் சொன்னவன் நான்தான். அதனால்தான் பாஸ்கு என்ற என் ஒரு சொல்லை உன்னால் நம்ப முடியாமல் போயிற்று.

பிளாரன்ஸிடம் உண்மையைச் சொல். என் பங்கையும் சேர்த்துச் சொல்.

ரோச்


சாத்தான்குளம்
16-4-1974

அன்புள்ளவர்களுக்கு,

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிளாரன்ஸிடம் சொன்னேன். சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று உங்கள் கடிதங்களையே கொடுத்தேன். என்னுடைய கடிதங்களுக்கு நகல் இல்லை. அவற்றில் எழுதியதை ஒன்றும் விடாமல் வாயால் சொன்னேன்.

முழுவதையும் படித்தாள். சேவல் வந்த இடத்தில் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க. பாய் மட்டும் என் பேருல கிடந்துதாக்கும்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் வருகிறது.

தலைமையாசிரியை அம்மாளிடமும் போய், நான் சொன்னது தவறு, அது பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டிய நாடகம் என்றேன். அடுத்த தடவை எப்போது என்று கேட்டார். தெரியாது என்றேன். அண்ணனிடம் சொல்லுங்கள்: அவர் பெயர் கெட்டது பாயால் இல்லை, என்னால்.

அடுத்த தடவை பிளாரன்ஸ் வருவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்காக நான் பதில் எழுதியது போதும்.

இந்தக் கவருக்குள் அவள் உங்களுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இந்தத் தடவை அவளே ஒட்டித் தந்தாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் பிரிக்கவில்லை.

தேவமணி