கடல் பார்த்த அறை

மோகனா அப்பாவுக்கு,

ரத்தப் பரிசோதனைக்கு முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போகிறேன். உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்றைய சண்டை மறுபடி தொடங்கும். இட்லி குண்டானில் இருக்கிறது, காரச் சட்னி கிண்ணத்தில்.

பதினோரு மணிக்கு மெட்ராஸ் ஓட்டலிலிருந்து ஒரு பெண் பேசுவாள். கெஞ்சிக் கேட்கிறேன், கடல் பார்த்த அறையே வேண்டும் என்று சொல்லுங்கள். பதிவு உங்கள் பேரில் இருப்பதால் நீங்கள் சொன்னால்தான் செல்லுமாம். பன்னிரண்டு தாண்டினால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இதற்குப் பதிலாக நீங்கள் சொல்கிற பெரிய ஓட்டலில் தோட்டம்தானே இருக்கிறது? செடி கொடியை நான் இங்கேயே பார்க்கிறேன்.

கடல் பார்த்த அறையில் கட்டிலின் தலைமாடு வடக்கே இருப்பதுதான் உங்கள் குறை. "வடக்கால தலை வெச்சிப் படுக்கச் சொல்றியே, நான் இன்னும் சாவலடி!" என்று கத்தினீர்கள். அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். "தலகாணிய கால்மாட்டுல போட்டுத் தரோம் பாட்டிம்மா" என்று சிரித்தாள். போதுமா?

சனி, ஞாயிறு அங்கே. திங்கள் கண் ஆபரேஷன். இடது கண் போன மாதிரி இதுவும் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள்?

பவளம்

வயலுக்குப் போனால் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கடலில் சூரியன் எழுகிற கதை சொன்னேனே, அதெல்லாம் நம் ஏரியில் பார்த்ததைப் பெரிதாக்கிச் சொன்னதுதான். நிஜத்தை ஒரு விடியலாவது பார்த்துவிடுகிறேன். பிறகு கண் இல்லாவிட்டாலும் பொய்யில்லாமல் சொல்லுவேன்.