மஞ்சள் பட்டைக்குள் உன் நடை

இன்று காலை, நான் இப்போது வேலை பார்க்கும் கிடங்கில் நடைபாதைக்காகத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். சுருளைப் பிரித்ததும் அந்தப் பசை வாசனை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். கையிலிருந்த வேலையை மறந்து அங்கேயே நின்றேன். ஒட்டிக்கொண்டிருந்தவர், கோணலாகிவிட்டதோ என்று பயந்துபோய்க் குனிந்து பார்த்தார். நேராகத்தான் இருக்கிறது, ஒட்டுங்கள் என்றேன்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு நீ பெட்டியோடு வாடகைக்கு வந்த அன்று, அம்மா முதலில் பார்த்தது உன் நடையைத்தான். "இன்னாமா, கால்ல அடியா?" என்று கேட்டார். "பொறந்ததுல இருந்தே இப்படித்தான் அத்தை. பயப்படாதீங்க, மாடி ஏறிருவேன்" என்று சிரித்தாய். உன் இடது கால் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் தரைக்கு வரும். அந்தச் சத்தத்தை வைத்தே நீ படியேறுவதை நாங்கள் தெரிந்துகொள்வோம்.

இருவருக்கும் ஒரே வயது, செல்போன் கம்பெனியில் பாகங்களைப் பூட்டும் ஒரே லைன். அங்கே உட்கார முடியாது. ஷிப்ட் முடிந்து வரும்போது உன் கணுக்கால் வீங்கியிருக்கும். உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டால், பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை ஒன்றுதான் வழி. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு. அது கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் ஊருக்குத் திரும்புவது என்று நீ முடிவு செய்திருந்தாய். என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதற்காகத்தான் பஸ் ஸ்டாப்பில் அந்த விளையாட்டைத் தொடங்கினாய். கம்பெனி பஸ் வரும்வரை, சாலையில் போகிறவர்களின் நடைக்கெல்லாம் டிக்‌ஷனரியிலிருந்து ஒரு சொல். செருப்பைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துக்கொண்டு போகிறவர் ஷஃபிள். டீயைக் குடித்துவிட்டு உலகத்தில் ஒரு வேலையும் இல்லாததுபோல் போகிறவர் ஸ்ட்ரோல். சாலையையே விலைக்கு வாங்கியவர் மாதிரி எட்டி எட்டி வைக்கும் நம் சூப்பர்வைசர் ஸ்ட்ரைட். நைட் ஷிப்ட் முடிந்து, கால் கனக்க இறங்கிப் போகிற அத்தனை பேரும் ட்ரட்ஜ்.

"எல்லாம் நடக்கிறதுதான? அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி வார்த்தை?" என்று அலுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, எல்லாம் மீனுதான். அதுக்காகச் சாளையும் சீலாவும் ஒண்ணாயிருமா?" என்றாய்.

ஓடுகிற விஷயத்தில் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றும் சொல்வாய். தெரிந்தவரை வழியில் எதேச்சையாகப் பார்த்தாலும் ரன் இன்டு, வீட்டில் அரிசி தீர்ந்தாலும் ரன் அவுட். நாம் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். லைன் மட்டும் ரன்னாகிக்கொண்டிருந்தது. வேலையைத் தள்ளிப்போடுகிறவரைக் காலை இழுக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்வதைப் படித்த அன்று விழுந்து விழுந்து சிரித்தாய். "காலை இழுக்குதவ நான். ஆனா பேரு ஆபீஸ்காரங்களுக்குல்லா போகுது!"

சிரித்து முடித்ததும் கேட்டாய்: "எனக்கு என்ன வார்த்தைட்டி?"

நொண்டி நடப்பதற்கு லிம்ப் என்ற சொல் இருப்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். "வாக்" என்றேன். "அது ஊருக்கே பொது. எனக்குன்னு ஒண்ணு சொல்லு" என்றாய். பஸ் வந்து என்னைக் காப்பாற்றியது.

தேர்வன்று புதிதாய்ச் சேர்ந்தவள்போல உட்கார ஓர் ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துப் போனாய். "மேசைக்குப் பின்னால நின்னே பேசிருவேன். காலைப் பாத்தா வேண்டாம்னுருவாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். அறைத் தரையில் பசை வாசனை போகாமல் ஒட்டியிருந்த மஞ்சள் டேப் கோடுகளுக்குள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் பாடம். மனப்பாடம் செய்திருந்த முதல் வாக்கியமே உனக்கு மறந்துபோனது. எதிரே தமிழ் தெரியாத அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

நீ மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாய்.

"டோன்ட் ரஷ்" என்று பரபரத்துக் காட்டினாய். "டோன்ட் வாண்டர்" என்று வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டினாய். "டோன்ட் ஸ்ட்ரைட்" என்று நீ எட்டி வைத்ததில் நம் சூப்பர்வைசர் அப்படியே தெரிந்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எப்படித்தான் நடக்க வேண்டும் என்று கேட்டார்.

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். பிறகு அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே, அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, காலை மறைக்காமல், அவசரப்படாமல், உன் நடையே நடந்தாய். "லைக் திஸ், சார்" என்றாய்.

திங்கட்கிழமையே பயிற்சி கொடுக்க வந்துவிடச் சொன்னார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இப்பச் சொல்லு, எனக்கு என்ன வார்த்தை?"

"தேடிக்கினுகீறேன்" என்றேன்.

அதன்பிறகு எத்தனையோ பேருக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தாய். கல்யாணமாகி ஊருக்குப் போனாய். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் எங்களை விட்டே போய்விட்டாய். உங்கள் ஊர் மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் அழுத அழுகையெல்லாம் தீர்ந்தது. இப்போது உன்னை நினைத்தால் பெரும்பாலும் சிரிப்புத்தான் வருகிறது.

இன்று மதியம், கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நான் வகுப்பெடுத்தேன். உன் பாடம்தான். ரஷ், வாண்டர், ஸ்ட்ரைட் எல்லாம் செய்து காட்டினேன், நன்றாகச் சிரித்தார்கள். மணிமங்கலத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்போ எப்டித்தான்கா நடக்கிறது?"

புது டேப்புக்கு நடுவே நடந்து காட்டினேன். பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன், என் இடது கால் கொஞ்சம் தாமதமாகத் தரைக்கு வந்துகொண்டிருந்தது.

"கால்ல இன்னாக்கா?" என்றாள் அவள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அந்த முனைவரை அப்படியே நடந்தேன். உனக்கான சொல் இன்னும் கிடைக்கவில்லையடி. நடை என்னிடம் இருக்கிறது.