மேடைக்கு முதுகு காட்டி நின்றவன்

2025 யூன் 11, புதன்

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர்ச் சபைக்கு முறைப்பாடு சொல்லப் போனால், அங்கே இருப்பவன் "எழுதித் தந்திட்டுப் போங்கோ ஐயா" என்கிறான். எழுதிக் கொடுப்பவை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? பாடசாலை அதிபர் பதவிக்கு என்னைத் தள்ளிவிட்டு இன்னொருவனைப் போட்டது ஏன் என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஆசிரிய வேலையை விட்டேன். அதற்கும் பதில் வரவில்லை.

பின்னேரம் தேனுகா என்றொரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். ஆவணப்படம் எடுக்கிறாளாம். சமாதான காலத்தில், 2003 ஓகஸ்டில், உட்துறைமுக வீதிப் பக்கத்து மைதானத்தில் 'உப்புக்காற்று' குழு நடத்திய ரொக் நிகழ்ச்சியைப் பற்றி. குழுக்காரர்களைப் பேட்டி காணப் போவதில்லையாம். அன்று கூட்டத்தில் நின்ற ரசிகர்களின் ஞாபகங்களை மட்டும் வைத்து அந்த இரவைத் திரும்பக் கட்டப் போகிறாளாம். அவர்கள் பேசுவதை எழுதி, ஆங்கில உபதலைப்புப் போட ஒருவர் வேண்டும்.

"நீங்களும் அண்டைக்கு உள்ளுக்கு நிண்டிருப்பியள் தானே, சேர்?"

"இல்லை."

"ஏன் சேர்? ஊரே நிண்டது எண்டெல்லோ சொல்லுகினம்?"

வேலையை எடுக்கிறேன் என்று சொல்லிக் கதையை மாற்றினேன்.

யூன் 14, சனி

முதல் ஒலிப்பதிவுகள் வந்தன. சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லியில் மீன்பிடிக்கும் தங்கத்துரை சொல்கிறார், மழை கொட்டியதாம், ஒருவரும் அசையவில்லையாம். நகரில் தையல்கடை வைத்திருக்கும் ரபீக்கா சொல்கிறார், ஒரு சொட்டு மழையும் இல்லை, மண் பறந்து கண்ணெல்லாம் எரிந்தது. இருவருமே சத்தியம் பண்ணுகிறார்கள். கரண்ட் போனபோது சனமே பாடியது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. ஆனால் எந்தப் பாட்டு? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வேலை என்று எடுத்தேன். இப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதிலிருந்து கருவியைக் கழற்ற மனமில்லை. மற்றவர்கள் தின்ற விருந்தைக் கதவிடுக்கால் எட்டிப் பார்க்கிறேன் — அப்படித்தான் இருக்கிறது.

யூன் 15, ஞாயிறு

ஓகஸ்ட் வெயிலில் திருகோணமலையில் மழையாம்!

யூன் 20, வெள்ளி

ஒரு புதினமான விஷயம். ரபீக்காவின் பதிவில் கடைசியாக வருகிறது:

"நாங்க பொம்புளப் புள்ளயள் பின்னுக்கு நிண்ட. ஆடலாமெண்டு பாத்தா, ஒரு சீ.ஐ.டி.க்காரன் எங்களையே பாத்துக்கிட்டு நிக்கான். ஊரே மேடையப் பாக்குது, அவன் மட்டும் மேடைக்கு முதுகக் காட்டிக்கிட்டு! எப்பிடி ஆடுற?"

தங்கத்துரையும் அவனைக் கண்டிருக்கிறார். "வெள்ளைச் சேட்டு. பாட்டு ஒண்டும் அவனுக்கு ஏறேல்லை. எங்கட மூஞ்சியளைத்தான் எண்ணிக்கொண்டு நிண்டவன்." இன்னொருவர், அவன் இயக்கத்தின் ஆள் என்கிறார். வேறொருவர், கையில் ஏதோ சிறிய கமரா வைத்திருந்தான், தூக்கித் தூக்கிப் படம் எடுத்தான் என்கிறார்.

மழை விஷயத்தில் ஒத்துப்போகாதவர்கள் இவன் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது பழக்கம். பத்துப் பேர் கூடுகிற இடத்தில் வேறு பக்கம் பார்த்து நிற்பவன் யார் என்று கேட்கவே தேவையில்லை. ஆனால் ஏன் இவ்வளவு பகிரங்கமாக நின்றான்? உளவு பார்க்க வந்தவன் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டமாட்டானா?

தேனுகாவிடம் கேட்டேன். அவளுக்கும் அதே ஆவல். "சேர், அவர்தான் படத்தின்ர சுவாரசியமான ஆள். எப்பிடியும் பிடிக்கவேணும்."

யூன் 26, வியாழன்

இன்று சீதேவி கேட்டாள்: "கலியாணம் கட்டின நாளிலயிருந்து இந்தக் குழுவின்ர பாட்டு ரேடியோவில வந்தா நிப்பாட்டுவியள். இப்ப நாள் முழுக்க அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறியள்?"

அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மூதூர் அஸாமும் நானும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறை. 'உப்புக்காற்று' கசற்றை நாடா அறுகிற வரை கேட்டவர்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு ரிக்கற்றையும் அவன்தான் வாங்கி வைத்திருந்தான். மூதூரிலிருந்து அவன் எப்போதும் கடலால்தான் வருவான், லோஞ்ச் என்கிற பயணிகள் படகில். நான் இறங்குதுறையில், ஜெற்றியில், நிற்பேன். வேறு பேச்சே தேவையில்லை, எத்தனையோ தரம் நடந்தது. அன்று பலத்த கச்சான் காற்று. லோஞ்ச் பிந்தியது. ஒருவழியாக வந்தது, அவன் அதில் இல்லை. இன்னொன்று வரும் என்றார்கள். வரவில்லை. முதல் பாட்டு நான் ஜெற்றியில் நிற்கும்போதே தொடங்கிவிட்டது. காற்றுக்கு அள்ளுண்டு வந்தது. வீட்டுக்கு நடந்து போய் யன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் எங்கள் வகுப்புத் தவராசா வந்து சொன்னான்: "என்ன மச்சான், நீ வரேல்லை? அஸாம் உள்ளுக்கு நிண்டவனே!"

அவ்வளவுதான். பிறகு அவன் வீட்டுக்கு வந்தபோது நான் இல்லை என்று அம்மாவைக் கொண்டு சொல்லுவித்தேன். என்னுடைய ரிக்கற்றில் யாரைக் கூட்டிக்கொண்டு போனான்? அதை மட்டும் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவனுக்கு அது ஒரு மரியாதையாகப் போய்விடும்.

யூலை 2, புதன்

தவராசாவின் பேட்டி. வழக்கம்போல அலட்டல். குழுவின் பாடகன் தன்னைப் பார்த்துக் கைகாட்டினானாம். சீ.ஐ.டி.க்காரனைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆறமாட்டாமல் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"சீ.ஐ.டி.யோ? நான் ஒருத்தனையும் காணேல்லை மச்சான். எனக்கு முன்னுக்கு மேடைதான்."

"அஸாமை எங்கை கண்டனி?"

"வரேக்கை வாசலடியில. ஏன், உன்ர கோவம் இன்னும் ஆறேல்லையோ? பிள்ளையளுக்கும் எழுதி வைக்கப்போறியோ?"

வைத்துவிட்டேன். வாசலடியில். வாசலடியில் நின்றால் மேடை தெரியுமா?

யூலை 9, புதன்

கலியாண வீடியோ எடுத்த ஒருவரின் பழைய பெட்டியிலிருந்து அந்த இரவின் ஒளிநாடா கிடைத்திருக்கிறது. தேனுகா ஒரு துண்டு அனுப்பினாள். கூடவே: "சேர்!!! ஆள் அம்பிட்டான்! இதிலை நிப்பாட்டி, 'உளவாளி' எண்டு பெரிய எழுத்தில போடப்போறன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

திறந்தேன்.

ஆயிரம் முதுகுகள். அவற்றின் நடுவே ஒரேயொரு முகம். வெள்ளைச் சேர்ட். வாசல் பக்கம் யாராவது உள்ளே வந்தால் கையைத் தூக்குகிறான். கையில் கமரா இல்லை. ஒரு துண்டுக் கடதாசி. வந்தது வேறு ஆள் என்றதும் கையை இறக்குகிறான். பின்னால் அவன் உயிராய் நேசித்த பாட்டுப் போகிறது. கரண்ட் போகிறது, சனம் பாடுகிறது. கமரா விளக்கின் வெளிச்சத்தில் அவனும் வாய் அசைக்கிறான். திரும்பிப் பார்க்கவில்லை.

அஸாம்.

யூலை 10, வியாழன்

மூன்று தரம் பார்த்தேன். எங்கேயாவது திரும்புவான் என்று. திரும்பவில்லை. படுபாவி.

யூலை 12, சனி

லோஞ்சில் வராவிட்டால் அவன் வேறெப்படி வந்தான்? தரையாலா? அந்த நாளில் தரையால் வருவதென்றால் ஆறுகளில் 'பாதை' என்று சொல்லுகிற மிதவைகளுக்குக் காத்துக் கிடந்து, ஒவ்வொன்றாய் மாறி, கிண்ணியா தாண்டி வரவேண்டும். அப்படி ஒருவன் எனக்காகவா வருவான்? ஏன் வெளியே வந்து தேடவில்லை? வெளியே போனால் திரும்ப விடமாட்டார்களோ? ஏன் நான் வாசலடிக்குப் போய்ப் பார்க்கவில்லை? நான் ஏன் போகவேணும், ரிக்கற் அவனிட்டைத்தானே இருந்தது! — சரி. இது இப்போது பிரச்சினை இல்லை.

பிரச்சினை இதுதான். நான் வாய் திறக்காவிட்டால் படம் இந்த நகரில் ஓடும். அஸாமின் முகத்துக்குக் கீழே 'உளவாளி' என்று நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் போடுவது என் கை. மூதூரில் அவனைத் தெரியாதவர் இல்லை. கொழும்பில் வளர்ந்த தேனுகாவுக்கு அது பகிடி. இங்கே அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் பேரப்பிள்ளை வரை கழுவ ஏலாது.

வாய் திறந்தால் ஏன் அப்படி நின்றார் என்று கேட்பாள். அதற்குப் பதில் நான்.

பின்னேரம் அவளை அழைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும். அந்தத் துண்டை அவள் திரும்ப ஓடவிடுவது கேட்டது. பிறகு, "சேர், அந்தச் சொல்லை எடுத்திடுறன். ஆனா அவரின்ர முகத்தைப் போட அவரின்ர சம்மதம் வேணும். நீங்கள் கேக்கிறியளா? நான் கேட்டா சரிவராது."

யூலை 19, சனி

மூதூருக்கு பஸ்ஸில் போனேன். எல்லா ஆற்றுக்கும் பாலம் வந்துவிட்டது. ஒரு இடத்திலும் இறங்கவில்லை. ஒவ்வொரு பாலத்திலும் கீழே பார்த்தேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று — அந்தக் காற்றில், இந்தத் தண்ணீரையெல்லாம் கடந்து.

அவன் விதைநெல்லும் உரமும் விற்கிறான். முன்மயிர் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் எழும்பவில்லை.

"நீ இப்பவா வாற? பாட்டு முடிஞ்சி போச்சே மச்சான்."

 தொலைபேசியில் அந்தத் துண்டைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தான். சீ.ஐ.டி. கதையைச் சொன்னதும் வெடித்துச் சிரித்தான். கடையில் வேலை செய்த மூத்தவரைக் கூப்பிட்டு, "இஞ்ச பாருங்க நானா, நான் சீ.ஐ.டி.யாம்!" என்றான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ எங்கடா நிண்ட?"

"ஜெற்றியில."

"காத்துக்கு லோஞ்ச் ஓடாதெண்டு சொன்னானுகள். நான் மத்தியானமே ரோட்டால வெளிக்கிட்ட. வாசல்ல ஒன்னக் காணல்ல, நிக்க உடாம உள்ளுக்குத் தள்ளிட்டானுகள். ஜெற்றியில நிப்பியெண்டு நெனச்ச நான், ஆனா லோஞ்ச் வராட்டி விளங்கிக்கிட்டு மைதானத்துக்கு வருவாய்தானே எண்டு..."

"லோஞ்ச் வந்தது."

"வந்ததா?" என்னையே பார்த்தான். "அல்லாவே. அது வந்ததா?"

தேநீர் கடைக்குச் சொல்லியனுப்பி எடுப்பித்துத் தந்தான். வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? கோப்பையை வைக்கும்போது சொன்னான்: "ஒன்ட வீட்ட ரெண்டு தரம் வந்த நான். ரெண்டு தரமும் ஒன்ட அம்மா நெலத்தப் பாத்துக்கிட்டுத்தான் 'இல்ல' எண்டா. அதுக்கு நீ ஒண்டும் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லணும் போல இருந்திச்சி."

முகத்தைப் போடச் சம்மதம். பெயர் வேண்டாமாம். திரையிடலுக்கு வருவாயா என்று கேட்டேன். "பாப்பம்" என்றான். கை கொடுத்தான். இறுக்கமாக அல்ல.

யூலை 21, திங்கள்

உபதலைப்பு முடித்து அனுப்பினேன். அவன் முகம் வரும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. தேனுகா, "அது போதும் சேர்" என்றாள். தண்ணீர் இன்றைக்கும் இல்லை.

ஓகஸ்ட் 30, சனி

திரையிடல். நகர மண்டபம் நிறைந்துவிட்டது. தங்கத்துரையும் ரபீக்காவும் மழை பெய்ததா இல்லையா என்று மண்டபத்துக்குள்ளேயே சண்டை. இந்த முறை எனக்கும் அஸாமுக்குமான இரண்டு அனுமதி அட்டையும் என்னிடம். சீதேவி தன்னுடையதோடு முன்வரிசையில் போய் இருந்துவிட்டாள். நான் வாசலுக்கு நேரே, பின்பக்கம் நின்றேன். விளக்கை அணைத்தார்கள். அஸாம் இல்லை.

படம் தொடங்கியது. கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். பின்வரிசை இளவட்டம் ஒன்று சொன்னது: "அண்ணை, இருங்கோ, மறைக்குது. எல்லாரும் அங்கால பாக்கினம், நீங்கள் இஞ்சால பாக்கிறியள். என்ன, சீ.ஐ.டி.யோ?" பக்கத்தில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருக்கவில்லை.

கொஞ்சத்தில் மண்டபமே சிரித்தது. அந்த இடம் வந்துவிட்டது என்று விளங்கியது. பிறகு சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கி, ஒரு சத்தமும் இல்லை. பாட்டு மட்டும் போனது. திரும்பிப் பார்க்கத்தான் ஆசை. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, எந்த வாசல் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தான். முன்மயிர் இல்லை.

கையைத் தூக்கி அட்டையைக் காட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சீதேவி, படம் எப்படி என்று கேட்டாள். வாசல் நன்றாகத் தெரிந்தது என்றேன்.