அசரீரிக்குத் தவளைகள் சாட்சி

அனுப்புநர்
பா. சகுந்தலா, எம்.ஏ.,
பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர் (வரலாற்றுத் துறை, பதிவு ஆண்டு 1998),
டாலிகஞ்ச், கொல்கத்தா – 700 033.

பெறுநர்
மாண்பமை துணைவேந்தர் அவர்கள்,
பொன்னி பல்கலைக்கழகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் ஆய்வேடு முப்பது மாதங்களாக ஐந்து துறைகளுக்கிடையே அலைக்கழிக்கப்படுவது – கூட்டுத் தேர்வுக் குழு அமைக்க வேண்டுவது – ஆய்வேட்டில் நான் செய்த பிழை ஒன்றைத் திருத்த அனுமதி கோருவது – தொடர்பாக.

பார்வை: ஆய்வுப் பிரிவின் 4.9.2006 நாளிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் நேரத்தின் அருமை அறிந்தும், கீழ்ப்படிகளில் எல்லாம் முறையிட்டு முடிந்த பிறகே தங்கள் மேசைக்கு இம்மனுவை அனுப்புகிறேன்.

1. நான் கொல்கத்தாவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். என் தந்தையார் பணி மாற்றலில் இங்கு வந்தபோது எனக்கு வயது ஆறு. இப்போது நாற்பத்தாறு. முப்பதுகளில் தமிழ்ப் படங்கள் பல கல்கத்தா ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட வரலாறே என் ஆய்வுக் களம்.

2. ஆய்வுக்குக் காரணமானவர் திருமதி ஜெயலக்ஷ்மி. 1996-ஆம் ஆண்டு நவராத்திரியில், லேக் பகுதியில் ஒரு தமிழர் வீட்டுக் கொலுவில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். எழுபத்துமூன்று வயதில் சுருதி பிசகாமல் பாடினார். எங்கே கற்றீர்கள் என்று யாரோ கேட்க, அவர் சர்வசாதாரணமாக, "கத்துண்டதெல்லாம் ஆத்துலேதான். ஆனா சினிமாவிலே பகவானுக்கே நான்தான் குரல் குடுத்தேன்" என்றார். கூடத்தில் இருந்த அனைவரும் சிரித்துவிட்டனர். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் அடுத்த பாட்டைப் பாடவில்லை. வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

3. மனம் உறுத்தியதால், பதினைந்து நாள் கழித்து பெஹாலாவில் உள்ள அவர் வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபமாக இல்லை. உட்காரச் சொல்லி, 1937-ல் நடந்ததைக் கூறினார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. தந்தை ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. டாலிகஞ்சில் தயாரான ஒரு தமிழ்ப் பக்திப் படத்தில், பக்தன் குளக்கரையில் விழுந்து கிடந்து கடவுளை அழைக்கும் காட்சி ஒன்று உண்டு. கடவுள் உருவமின்றி, அசரீரியாகப் பாடிப் பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தமிழ் பாடத் தெரிந்த பெண் குரலைத் தேடி அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடு தமிழ்ப் படங்களுக்கு இன்னும் பழக்கமாகாத காலம். காமிராவில் படாமல், மைக்கின் அருகே நின்று அங்கேயே பாட வேண்டும். அவர் கூறியதை அவர் சொற்களிலேயே ஆய்வேட்டில் தந்துள்ளேன், இங்கும் தருகிறேன்:

"அன்னிக்கு மழை கொட்டி அப்போதான் விட்டிருந்தது. குளத்திலே தவளையான தவளை. சவுண்டு பாக்கிற பாபு தலையிலே அடிச்சுண்டார். டைரக்டர் மட்டும் என்னைப் பாத்து, தேமோ நா, தேமோ நான்னு கையைக் காட்டினார். நிறுத்தாதேன்னு அர்த்தம். நானும் நிறுத்தலை, தவளையும் நிறுத்தலை."

4. ஆனால் படத்தின் பாட்டுப் புத்தகத்தில், பெண் குரல் பாடல்கள் அனைத்தும் கதாநாயகி பாடியவை என்றும், குளக்கரைக் காட்சி மார்கழியில் எடுக்கப்பட்டது என்றும் அச்சிடப்பட்டுள்ளது. அதற்குப் பின் எழுதியோர் அனைவரும் அதையே எடுத்தாண்டுள்ளனர். கதாநாயகியாக நடித்த அம்மையார் பெரும் பாடகி. அவர் புகழில் ஓர் அணுவைக்கூடக் குறைப்பது என் நோக்கமன்று. அவர் அவ்வாண்டு நவம்பரில்தான் முதன்முறையாகக் கல்கத்தாவுக்கு வந்தார் என்பதை, ஹௌரா நிலையத்தில் அவருக்கு அளிக்கப்பட்ட வரவேற்பைப் பற்றிய பத்திரிகைச் செய்தியால் அறிந்தேன். ஆகவே, காட்சி மழைக்காலத்தில் எடுக்கப்பட்டிருந்தால் அக்குரல் அவருடையதாக இருக்க இயலாது. இந்த ஒரு கேள்வியுடன்தான் 1998-ல் தங்கள் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டேன்.

5. படத்தின் பதினொரு சுருள்களில் இரண்டு மட்டுமே மிஞ்சியுள்ளன. அவை டாலிகஞ்சில் பழைய திரைப்படக் கொட்டகை உரிமையாளர் ஒருவரின் குடும்பத்தாரிடம் இருந்தன. அவற்றுள் ஒன்றில் குளக்கரைக் காட்சி முழுமையாக உள்ளது. ஒலியை ஒலிநாடாவில் எடுத்துக்கொண்டேன். பாட்டுக்குப் பின்னால் கேட்ட ஒலி என் காதுக்கு வெறும் கரகரப்பு. பெஹாலாவில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் திருமதி மேக்னா தத்தா அதைக் கேட்ட மாத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சகுந்தலாதி, ஏ தோ கோலா ப்யாங்!" என்றார். சகுந்தலா அக்கா, இது கோலா ப்யாங் ஆயிற்றே என்று பொருள். கோலா ப்யாங் என்பது இப்பகுதியின் பெரிய தவளை. முதல் பெருமழைகளின்போதுதான் அது கூட்டமாகக் கத்தும். மார்கழியில் வாய் திறக்காது.

6. அவர் சொன்னதைச் சொன்னபடியே ஏற்றுக்கொள்ளாமல், 1999 முதல் 2001 வரை மூன்று மழைக்காலங்களில், ஜோக்காவை அடுத்த நீர்நிலங்களில் குடையும் வெப்பமானியுமாக நாங்கள் இருவரும் நின்று, உயிருள்ள தவளைகளின் ஒலியைப் பதிவு செய்தோம். தவளையின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. வெப்பம் ஏற ஏற அதன் கத்தலின் துடிப்பு வேகமெடுக்கும். ஆகவே துடிப்பை எண்ணினால் அன்றைய வெப்பத்தைக் கணக்கிடலாம். அவ்வாறே சுருளில் உள்ள தவளைகளின் துடிப்பை எண்ணினேன். என் ஆய்வேட்டில் கணக்கு வந்தது இவ்வழியில்தான்.

7. தவளை ஒலி பிற்பாடு சேர்க்கப்பட்டிருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. எனக்கும் எழுந்தது. பாட்டில் மேல் ஸ்தாயி ஏழு இடங்களில் வருகிறது. அந்த ஏழு இடங்களிலும் தவளைகள் சட்டென்று அடங்குகின்றன. குரல் கீழிறங்கி இரண்டொரு நொடி கழித்து ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்துகொள்கின்றன. அவை அக்குரலைக் கேட்டிருக்கின்றன. பாடியவரும் அவையும் ஒரே மாலையில், ஒரே குளக்கரையில் இருந்திருக்கிறார்கள். இதைக் கண்டறிந்த அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து நேரே பெஹாலா சென்றேன். திருமதி ஜெயலக்ஷ்மி ஒலிநாடாவை முழுதும் கேட்டார். அறுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் தம் குரலைக் கேட்கிறார். அழுவார் என்று நினைத்தேன். "மூணாவது எடத்திலே சுருதி கொஞ்சம் எறங்கிடுத்து, பாத்தியோ?" என்று மட்டும் கேட்டார்.

8. ஆய்வேட்டின் இறுதி இயல், அசரீரி என்ற கருத்தைப் பற்றியது. உருவமற்ற தெய்வத்துக்கு ஒரு குரல் தேவைப்படும்போது பக்தி மரபு அதை யாரிடமிருந்து பெறுகிறது, பெற்றபின் பாடியவரை ஏன் மறைக்கிறது என்று அதில் ஆராய்ந்துள்ளேன்.

9. 12.3.2004 அன்று ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். என் நெறியாளர் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டதால் எனக்காகப் பேச அங்கு எவரும் இல்லை. அதன்பின் நடந்தது பின்வருமாறு. வரலாற்றுத் துறை, தவளைகள் இருப்பதால் விலங்கியலுக்கு உரியது என்று திருப்பியது. விலங்கியல் துறை, சுருளில் உள்ள தவளையை மாதிரியாகக் கொள்ள இயலாது, இது திரைப்பட ஆய்வு என்றது. காட்சித் தொடர்பியல் துறை, சமன்பாடுகள் மிகுந்திருப்பதால் கணிதத்துக்கு அனுப்பியது. கணிதத் துறை, அசரீரி குறித்த இயலை மதிப்பிடத் தமக்குத் தகுதியில்லை என்று சமயத் துறைக்கு அனுப்பியது. சமயத் துறை, தெய்வக் குரலுக்குத் தவளை சாட்சியா என்று ஓரத்தில் எழுதி, மீண்டும் வரலாற்றுத் துறைக்கே அனுப்பிவிட்டது. ஐந்து துறைகளின் குறிப்புகளிலும் ஆய்வேட்டின் முடிவு சரியா, தவறா என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

10. பார்வையில் கண்ட கடிதம், ஏதேனும் ஒரு துறைக்குரிய இயல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி அறுபது நாட்களுக்குள் மறுசமர்ப்பணம் செய்ய வேண்டும், தவறினால் பதிவு ரத்தாகும் என்கிறது. பணிவுடன் தெரிவிக்கிறேன்: தவளையை எடுத்துவிட்டால் மழை இல்லை. கணக்கை எடுத்துவிட்டால் தவளை வெறும் இரைச்சல். வரலாற்றை எடுத்துவிட்டால் அந்தக் குரல் யாருக்கும் சொந்தமில்லை. எந்த இயலை நீக்க வேண்டும் என்று இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். என்னால் முடியவில்லை.

11. இங்கே என் பிழையையும் மறைக்காமல் கூற வேண்டும். கரியாஹாட்டில் வசிக்கும் கணித விரிவுரையாளர் திரு. ஹரீஷ், சென்ற ஆண்டு என் கணக்கைப் படித்துவிட்டு, "மேடம், பிலிம் சுருங்கியிருக்குமே, அதுக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. பழைய பிலிம் சுருங்கும். ஓட்டும் இயந்திரத்தின் வேகமும் மாறும். இரண்டும் துடிப்பின் எண்ணிக்கையை மாற்றும். வெப்பம் முப்பத்தொரு டிகிரி என்றும், மழைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு நாள் ஜூலை ஒன்பது என்றும் ஆய்வேட்டில் உறுதியாக எழுதியிருந்தேன். அந்த உறுதிக்கு எனக்கு உரிமையில்லை. இருவரும் மூன்று மாதம் மறுபடி கணக்கிட்டதில், இருபத்தைந்துக்கும் முப்பத்தொன்றுக்கும் இடைப்பட்ட வெப்பம் என்று மட்டுமே கூற முடிகிறது. நாளைச் சொல்ல முடியாது. ஆயினும் கல்கத்தாவின் மார்கழி மாலை எதுவும் அந்த எல்லைக்குள் வராது. மழைக்காலம் என்ற முடிவு நிற்கிறது. நாள் குறித்த பக்கங்களைத் திரும்பப் பெற்றுத் திருத்தம் இணைக்க இருமுறை எழுதினேன். ஆய்வேடு எத்துறைக்கு உரியது என்று முடிவாகாததால் திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளத் துறை இல்லை என்று பதில் வந்தது.

12. இந்நிலையில் சென்ற மாதம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் தங்கள் ஆய்வுப் பிரிவின் அலுவலக உதவியாளர் திரு. ஏழுமலை. அவர் ஒப்புதலுடனேயே பெயரைக் குறிப்பிடுகிறேன். "அம்மா, உங்க புத்தகத்த ஒவ்வொரு துறைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போறேன். வராண்டாவுல உக்காந்திருக்கச் சொல்ல கொஞ்சம் கொஞ்சமா படிச்சேன். சாமி கொரலு யாருதுன்னு தெரிஞ்சுக்காம விட மனசில்ல" என்றார். கணக்கு வரும் பக்கங்களைத் தாண்டிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். 212-ஆம் பக்கத்தில் படச் சுருளின் எண் தவறாக இருப்பதைச் சுட்டினார். அவர் சொன்னது சரி.

13. திரு. ஏழுமலை அத்துடன் நிற்கவில்லை. ஆய்வு விதிகள் அடங்கிய பழைய தொகுப்பில், ஒரு துறைக்குள் அடங்காத ஆய்வேட்டுக்குத் துணைவேந்தர் கூட்டுத் தேர்வுக் குழு அமைக்கலாம் என்னும் விதி 14(இ) இருப்பதைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பினார். இதுவரை எவரும் அதைப் பயன்படுத்தியதில்லையாம். கோப்புகளைக் கொண்டு செல்லும்போதே துறைத் தலைவர்களிடம் கேட்டும் பார்த்திருக்கிறார். குழு அமைந்தால் அமரத் தயார் என்று விலங்கியல், கணிதத் துறைத் தலைவர்கள் எனக்கே கடிதம் எழுதியுள்ளனர். அந்த ஓரக்குறிப்பை எழுதிய சமயத் துறைத் தலைவரும் எழுதியுள்ளார். தெய்வக் குரலுக்குத் தவளை சாட்சியா என்று கேட்டது கேலியாக அன்று, விடை அறிய விரும்பியே என்று அவர் குறிப்பிட்டிருப்பதைப் படித்தபோது, முப்பது மாதச் சோர்வு சற்று இறங்கியது.

14. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன: விதி 14(இ)-யின்படி கூட்டுக் குழு அமைத்தருள வேண்டும். அறுபது நாள் கெடுவை அதுவரை நிறுத்திவைக்க வேண்டும். இணைப்பில் உள்ள திருத்தப் பக்கங்களை ஆய்வேட்டுடன் சேர்க்க வேண்டும். வாய்மொழித் தேர்வைக் கூடிய விரைவில் வைக்க வேண்டும். திருமதி ஜெயலக்ஷ்மிக்கு இப்போது எண்பத்துமூன்று வயது. தேர்வு நடக்குமானால் ரயிலேறித் திருச்சிக்கு வரவும், குழு கேட்டுக்கொண்டால் அப்பாடலை அங்கேயே பாடிக் காட்டவும் அவர் தயாராக இருக்கிறார். தினமும் காலையில் சாதகம் செய்வதாக அவர் மகன் பட்டாபி தெரிவிக்கிறார்.

15. எனக்குப் பட்டம் அளித்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கேள்வி கேட்கட்டும். விடை சொல்ல இயலாத இடத்தில் தெரியாது என்பேன். முழுதும் படித்தவர்கள் தரும் முடிவு எதுவாயினும் தலைவணங்கி ஏற்பேன். மூன்று துறைத் தலைவர்கள் மேசையைச் சுற்றி நாற்காலி போட்டுவிட்டார்கள். மற்ற இருவரையும் அழைத்து அமர்த்தத் தங்கள் கையெழுத்து ஒன்று போதும். அது வருமென்று நம்பி, என் அலுவலகத்தில் ஜனவரி மாதத்துக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துள்ளேன்.

இடம்: கொல்கத்தா
நாள்: 9.10.2006

தங்கள் உண்மையுள்ள,
பா. சகுந்தலா

இணைப்புகள்:
அ. திருத்தப் பக்கங்கள், திரு. ஹரீஷ் அவர்களின் கணக்குக் குறிப்புடன்.
ஆ. மூன்று துறைத் தலைவர்களின் கடிதங்கள்.
இ. குளக்கரைக் காட்சியின் ஒலிநாடா, ஆறு நிமிடம். தாங்கள் ஓய்வாக இருக்கும்போது ஒருமுறை கேட்டருள வேண்டுகிறேன்.