பின்பக்க மூடி

பிப்ரவரி 11
காது இன்னும் அடைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று கடலடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் பின்பகுதி வரை போய்விட்டேன்! முப்பத்தெட்டு மீட்டர். தண்ணீர் அப்படியொரு தெளிவு. பன்னிரண்டு நிமிட வீடியோ.

ஐம்பது வருஷத்துக்கு முன் பாட்டரி அறை வெடித்து மூழ்கிய கப்பல். என் மாமனார் அதில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையால் கரையில் படுத்திருந்ததால் தப்பினார். அவருக்குப் பதிலாக அவருடைய நண்பர் போனார். மாமாவுக்கு நாளை காட்டப்போகிறேன். அசந்துபோவார்.

பிப்ரவரி 12
காட்டியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 13
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அதோ, அந்தக் கம்பியிலதான் பனியன் காயப்போடுவோம்!” ஒரே சிரிப்பு. வீடியோவில் பின்பக்க மூடி வந்தது, ஆபத்தில் ஆள் வெளியேறும் வழி. ஒரு கையகலம் திறந்திருக்கிறது. மேலே நெளிந்த தகடு ஒன்று அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த இடுக்கில் மீன் நுழைவதைத்தான் நான் ரசித்து எடுத்திருந்தேன்.

“நிறுத்தும்மா.”

நிறுத்தினேன்.

“இது உள்ளேருந்துதான் திறக்கும். சக்கரத்த ஆறு சுத்து சுத்தணும்.”

“அப்படியா மாமா?” என்றேன். சிரித்துக்கொண்டே. மடச்சி.

“வெடிச்ச நொடியே எல்லாரும் போயிட்டாங்கன்னுதானே சொன்னாங்க…” எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: வெடித்த பிறகும் உள்ளே யாரோ சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 16
என் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுதான் அப்பா இத்தன வருஷம் தூங்குனாரு. உனக்கு எதுக்கு இந்த வேல?”

நல்லதுக்குத்தானே செஞ்சேன்? — இல்லை. பெருமைக்கு. அங்கே போய்வந்ததை யாரிடமாவது காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20
மாமா சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். இன்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “வேற டைவர் யாராவது பின்னால நெம்பியிருப்பாங்க மாமா.”

“அந்தத் தகடு அழுத்திக்கிட்டு இருக்கையில வெளியேருந்து எப்படிம்மா நெம்புறது?” கோபமே இல்லை. அப்புறம், “பின்னறையில ஏழு பேரு இருப்போம்” என்றார்.

‘இருப்போம்’ என்றார்.

மார்ச் 1
வீடியோவை அழித்துவிட்டேன். அழித்து என்ன பயன்?

மார்ச் 9
கப்பல் மூழ்கிய நாள். மாமாவுக்குப் பதிலாகப் போன நண்பரின் தங்கை வருஷா வருஷம் இன்று மாமாவுக்கு ஃபோன் செய்வாராம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமா எடுக்கவில்லை, என்னைப் பார்த்தார். எடுத்தேன்.

வயதான குரல், மாமாவுக்கும் கேட்கும் சத்தத்தில். “மருமகளா? நீ அந்தக் கப்பல்கிட்டயே போறவளாமே. எங்கண்ணன் இருந்த எடத்தப் பார்த்தியாம்மா?”

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“பக்கத்துல போனேம்மா. ஒரே சேறு. எதுவுமே தெரியல.”

“போகட்டும். நீ பத்திரமா இரு.”

மாமா கையை நீட்டினார். ஃபோனைக் கொடுத்தேன். இரண்டு வாரமாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “முழங்கால் ஆபரேஷன் என்னாச்சும்மா? டாக்டர் தேதி சொல்லிட்டாரா?” என்று கேட்டார்.